கூடையில் விழாத போன்

“அவனுக்கு மண்டைக்குள்ள மூளையா இருக்குது? புண்ணாக்குங்க! மாட்டுக்கு வெச்சா மாடே மொகத்தைத் திருப்பிக்கும்!”

போனில் இருந்து வந்த குரல் பெரிதாகச் சிரித்து ஓய்ந்தது. சத்தி ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டிருந்த முகமது யூசுப், சிக்னலில் வண்டி நின்றதும் அதே பதிவை இன்னொரு முறை ஓட விட்டான்.

“போதும் யூசுப்பு. அந்தப் புண்ணாக்கு எனக்கே மனப்பாடமாயிருச்சு,” என்றாள் சண்முகப்ரியா.

“எனக்கு மனசே ஆறலீங்க மேடம். கூடப் பொறந்த அண்ணனை ஒரு மனுசன் இப்படிப் பேசுவானா? நானும்தான் எங்க அண்ணனைத் திட்டுவேன். ஆனா மூஞ்சிக்கு நேரா திட்டுவேன். ஒட்டுக் கேக்கறவனுக்கு ரெக்கார்டு பண்ற வேலையே மிச்சம்.”

சண்முகப்ரியா சிரிக்கவில்லை. அவள் கண் கடிகாரத்தின் மேல் இருந்தது.

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் ‘வேலி’ என்று சின்னதாக ஒரு பெயர்ப்பலகை தொங்கும். அது அவளுடைய அலுவலகம். போன், வாக்கிடாக்கி, கேமரா என்று கம்பியில்லாமல் காற்றில் போகிற பேச்சை அடுத்தவன் காதில் விழாமல் காப்பது அவள் தொழில். காலையில் மருதமலை விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் யாராவது ஒருவருடைய பேச்சுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் திரும்புவாள். யூசுப் காந்திபுரத்தில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

இந்த முறை பூட்டுக் கேட்டவர் பாலுசாமி. அன்னூருக்குப் பக்கத்தில் தென்னையும் வாழையுமாகப் பெரிய தோட்டக்காரர். அவர் நம்பிக்கையான ஆட்களிடம் தனியாகப் பேசிய பேச்சு, யாரைப் பற்றிப் பேசினாரோ அவருடைய போனுக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. தெரியாத ஒரு நம்பர். எழுத்து ஒன்றும் இருக்காது. வெறும் குரல் மட்டும். முதலில் அண்ணனுக்குப் போனது. அவர் கேட்டைச் சாத்திவிட்டார். அடுத்து, பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர் சுந்தரராஜுலுவுக்கு. அவர் எதிரில் பார்த்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கமாக நடக்கிறார். போன வாரம் அக்காவுக்கு. அந்த அம்மாள், தம்பி பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த சேலையை டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நாளை மறுநாள் அவருடைய மகள் நந்திதாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பாவைப் பற்றியும் பாலுசாமி வாய்க்கு வந்ததைப் பேசி வைத்திருந்தார். அது போய்ச் சேர்ந்தால் சம்பந்தம் அவ்வளவுதான்.

அந்தப் பயம் அவருக்குள் வெறியாகிவிட்டது. காலையில் போனில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “ஆளு ஆருன்னு எனக்குத் தெரியுமுங்க அம்மணி. எழில்னு ஒருத்தன். அன்னூர்ல கேமரா, மோட்டார் ஸ்டார்ட்டர் ரிப்பேர் கடை வெச்சிருக்கறான். அவங்கப்பன் சின்னான் எங்க தோட்டத்துல கூலிக்கு இருந்தவன். அப்பன் என்னைய ‘சாமி’ம்பான். இவன் ‘சார்’ங்கறான்! அஞ்சு மணிக்குக் கேமரா ரிப்பேர்னு வரச் சொல்லியிருக்கறேன். அதுக்குள்ள வேற ஆளைக் காட்டுனீங்கன்னாச் சரி. இல்லாட்டி ரெண்டு கையையும் ஒடிச்சுத்தான் அனுப்புவேன். அந்தக் கையிலதான ஒயரு முறுக்குனான்?”

“சார்னு கூப்பிட்டா கை போயிருமுங்களா?” என்று யூசுப் வியந்தான். “காந்திபுரத்துல நான் கூப்பிட்ட சாருக்கெல்லாம் எனக்குக் கையே மிஞ்சியிருக்காது. மேடம், பேசாமப் போலீசுக்குச் சொல்லிருவமா?”

“சொல்லலாம். இன்னைக்கு அடி நிக்கும். நாளைக்கு? சந்தேகம் எழில் மேலயே ஒட்டிக்கிட்டு இருக்குமில்ல. உண்மையான ஆள் யார்னு தெரிஞ்சாத்தான் அவர் நிம்மதியா நடமாட முடியும். எழிலுக்குப் போன் போடு. இன்னைக்கு வர வேண்டாம்னு சொல்லிரு.”

யூசுப் போட்டான். எழில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: “நான் வராம இருந்தா, நாந்தான்னு ஆயிருமுங்களே அண்ணா. அஞ்சு மணிக்கு வாரனுங்க.”

போன் கட்டானது. யூசுப் காரின் வேகத்தைக் கூட்டினான்.

கோவில்பாளையம் தாண்டியதும் சண்முகப்ரியா கேட்டாள். “யூசுப்பு, மூணு பதிவையும் இத்தனை தடவை கேட்டியே. குரலை விடு. குரலுக்குப் பின்னாடி என்ன கேட்டுது?”

“பின்னாடி ஒண்ணுமே கேக்கலீங்களே.”

“அதுதான் சேதி. கிணத்து மோட்டார் ரூம்ல உக்காந்துதான் ரகசியம் பேசுவேன்னு அவரே சொன்னாரு. பாதி நேரம் மோட்டார் ஓடிட்டுத்தான் இருக்குமாம். ஆனா வெளிய வந்த மூணு பேச்சுலயும் மோட்டார் சத்தமே இல்லை. மோட்டார் நின்ன நேரத்துப் பேச்சு மட்டும்தான் வெளிய போகுது.”

“அப்ப ஒட்டுக் கேக்கற ஆளுக்கு மோட்டார் சத்தம் ஆகாது. தலைவலிக்காரனா இருப்பானோ?”

“மோட்டாருக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற காது அது,” என்றாள் சண்முகப்ரியா.

* * *

பாலுசாமி போர்டிகோவிலேயே நின்றிருந்தார். கையில் ஒரு தக்காளிக் கூடை. இடுப்பில் ஒரு வாக்கிடாக்கி.

“வாங்க. போனைப் போடுங்க.”

கூடைக்குள் ஏற்கெனவே அவருடைய போனும் டிரைவர் காளிச்சாமியின் போனும் கிடந்தன. சண்முகப்ரியா தன்னுடையதைப் போட்டாள். யூசுப் தன்னுடைய மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டான்.

“இந்தக் கழுதைகளை நம்பித்தானுங்க கெட்டேன். இப்பத் தோட்டத்துக்குள்ள எல்லாம் இதுதான்,” என்று வாக்கிடாக்கியைத் தட்டிக் காட்டினார். “போனை ஒட்டுக் கேக்கலாம். இதை எவன் கேப்பான்?”

“குடுங்க பாக்கலாம்.” யூசுப் வாங்கித் திருகினான். கரகரத்த சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல் தெளிவாக எழுந்தது: “மூணாம் பந்திக்கு எலை போட்டாச்சு... ரசத்தைக் கொண்டா... டேய், மாப்பிள்ளையோட மாமனுக்கு இன்னும் அப்பளம் வரலையாமா!”

பாலுசாமி விழித்தார்.

“ரெண்டு மைலுக்குள்ள எங்கயோ கல்யாண மண்டபமுங்க,” என்றான் யூசுப். “அவங்க அப்பளம் உங்களுக்குக் கேக்குதுன்னா, உங்க ரகசியம் அவங்களுக்குக் கேக்காதுங்களா? இந்த ரகம் பூராவும் இப்படித்தான். காத்துல தொறந்து விட்ட பேச்சு. இதே செட்டை வாங்கித் திருகுனவன் எல்லாரும் கேக்கலாம்.”

“பேச்சை ரெண்டு முனையிலயும் பூட்டிச் சாவி போடற செட் இருக்குதுங்க. இது அது இல்லை,” என்றாள் சண்முகப்ரியா. “ஆனா உங்க பேச்சு இது வழியாவும் போகலை. இதை நீங்க வாங்கினது போன வாரம். முதல் பேச்சு போய் மூணு மாசமாச்சு.”

பாலுசாமி வாக்கிடாக்கியையும் கூடையில் விட்டெறிந்தார்.

உள்ளே இருந்து அவர் மனைவி ராசாத்தாள் மோர் கொண்டுவந்தார். அதிர்ந்து பேசாத பெண்மணி. யூசுப் ஒரே மூச்சில் குடித்து முடித்ததைப் பார்த்து, கேட்காமலேயே டம்ளரை மறுபடி நிறைத்தார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

“ஏனுங்க, கெணத்துல தண்ணி எறங்கிப்போச்சுங்க. மோட்டாரு காத்து இழுக்குது. இப்பத்தான் நிறுத்திப்போட்டேன்.”

“அதையேன் எங்கிட்டச் சொல்றே? தண்ணி உடறது உன்ற வேலை.” பாலுசாமி சண்முகப்ரியாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். “மோட்டாரு சுச்சு எந்தப் பக்கம் இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க அம்மணி. அதெல்லாம் அவ பாத்துக்குவா.”

எல்லோரும் மோட்டார் ரூமுக்குக் கிளம்பினார்கள். வாசற்படி இறங்கும்போது யூசுப்பின் செருப்பு வார் பட்டென்று அறுந்தது.

“ஏங்கண்ணு, அந்துபோச்சா? வரப்பு பூரா நெருஞ்சி முள்ளு.” ராசாத்தாள் தன் காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி அவன் பக்கம் தள்ளினார். “இதைப் போட்டுக்க.”

“உங்களுக்குங்க அம்மா?”

“நானு ஊட்டுலதான இருக்கறேன்.”

சண்முகப்ரியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பெரிய பூஜையிலும் பெரிய அன்னதானத்திலும் மனிதரை அளக்க முடியாது. முன்பின் தெரியாதவன் காலில் முள் தைக்குமே என்று ஒருவருக்குத் தோன்றுகிறதே, அந்த இடத்தில் சாமி இன்னும் குடியிருக்கிறது என்று அவள் நம்பினாள்.

தென்னந்தோப்பைக் கடந்து, வாழையைக் கடந்து, மோட்டார் ரூமுக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. பாதி வழியில் சண்முகப்ரியா நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஓலைகளின் சலசலப்பு மட்டும் காதில் விழுந்தது. ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு நடந்தாள்.

* * *

சிமெண்ட் ஷீட் போட்ட சின்ன அறை. மூலையில் உர மூட்டைகள். கிணற்றைப் பார்த்த ஜன்னல். சுவரில் ஆணியில் ஒரு ரேடியோ தொங்கிக்கொண்டு, தென்னைக்கு உரம் வைப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தது. வாசலில் காளிச்சாமி பச்சைத் தென்னை மட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எதற்கு வைத்திருக்கிறோம் என்று நினைக்கவே பிடிக்காதவர் போல நின்றார்.

“இதானுங்க நம்ம எடம்,” என்றார் பாலுசாமி. “ஊட்டுல கேமரா, கார்ல என்னமோ ஒண்ணு, எதையும் நம்பறதில்லை. போனைக் கூடையில போட்டாத்தான் எவனும் இங்க வர முடியும். சுத்தியும் வாழை. காக்காய்க்குக்கூடக் கேக்காது. இங்க உக்காந்துதான் அந்தச் சம்பந்தியைப் பத்தி...”

டிக்... டிடிக்... டிடிக்... டர்ர்ர்ர்.

ரேடியோவில் உரம் போய், சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

யூசுப் முகம் மாறியது. “மேடம், இந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. ரேடியோ பக்கத்துல ஒரு பழைய மாதிரி போனை வெச்சு, அதுக்கு ஒரு கால் வந்தா இப்படித்தான் கத்தும்.”

“போனா? போனெல்லாம் கூடையிலல்ல இருக்குது?” என்றார் பாலுசாமி.

“நம்ம போனெல்லாம் கூடையில. இது கூடையில விழாத போனு.”

இரண்டு பேரும் தேடினார்கள். வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. பாலுசாமி சாய்ந்து நின்ற சுவரிலேயே, அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. எலி வால் மாதிரி ஓர் ஆன்டெனா. ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

“அது மோட்டார் ஸ்டார்ட்டருங்க! போன்ல கூப்பிட்டா மோட்டாரு ஓடும், நிக்கும். அவ்வளவுதான்.”

“சிம் போட்டது எல்லாம் போனுதாங்க,” என்றான் யூசுப்.

சண்முகப்ரியா பெட்டியின் அடியில் இருந்த ஊசிமுனைத் துளையை விரலால் காட்டினாள். “மோட்டார் நல்லா ஓடுதா, காத்து இழுக்குதான்னு வீட்டுல இருந்தே தெரிஞ்சுக்க ஒரு வசதி வெச்சிருக்காங்க. கூப்பிட்டு ஒரு எண்ணை அமுத்துனா, இதுக்குள்ள இருக்கற மைக் தொறந்துக்கும். மோட்டார் சத்தம் கேக்கும். மோட்டார் நின்னிருந்தா...”

“என்ற சத்தம் கேக்கும்,” என்றார் பாலுசாமி. குரல் தேய்ந்து போயிருந்தது.

“போனுக்குப் பயந்து, போன் மாட்டின ரூமுக்கே வந்து, போனுக்குப் பக்கத்துல நின்னு ரகசியம் பேசியிருக்கீங்க,” என்றான் யூசுப். “இந்தப் பக்கம் இந்தச் சாதனையை ஆரும் முறியடிக்க முடியாதுங்க.”

பாலுசாமி அதைக் கேட்கவில்லை. அவர் கண் சிவந்து கொண்டிருந்தது. “இதை மாட்டுனதே அந்த எழில்தான்! அவன் நம்பரு இதுக்குள்ள இருக்குதுன்னு அவன் வாயாலயே சொன்னான்! காளி, மட்டையை எடு! இன்னைக்கு அவன் கை உருப்படியாத் திரும்பாது!”

ரேடியோ இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

“மேடம்,” என்று யூசுப் அவள் காதோரம் குனிந்தான். “கால் கட்டாகலை. கேக்கற ஆளு இன்னும் லைன்ல இருக்குது. நாம கண்டுபிடிச்சதும் கேட்டிருக்கும். கட் பண்ணிட்டு ஓடியிருக்கணுமே?”

“ஓட முடியலை போலிருக்குது,” என்றாள் சண்முகப்ரியா. பிறகு பாலுசாமி பக்கம் திரும்பி, பெட்டிக்குத் தெளிவாகக் கேட்கும்படி கேட்டாள். “ஏனுங்க, எழில் ஒரு தப்பும் பண்ணாதவரா இருந்தா?”

“இருக்கட்டும்! அடி வாங்கிட்டு அப்புறம் சொல்லட்டும்!”

வாழைக்கு அப்பால் பைக் சத்தம் வந்து நின்றது.

எழில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். காளிச்சாமியின் கையில் இருந்த மட்டையைப் பார்த்தான். பார்த்துவிட்டும் நடையை நிறுத்தவில்லை.

“வரச் சொன்னீங்களாமா சார்.”

பாலுசாமி பாய்ந்தார். சண்முகப்ரியா குறுக்கே வந்தாள். “எழில், உங்க போனை இந்த மூட்டை மேல வைங்க. வேற போன் இருந்தா அதையும்.”

“ஒண்ணுதானுங்க.” வைத்தான். பூட்டைத் திறந்தும் காட்டினான். திரையில் எந்தக் காலும் இல்லை.

டிடிக்... டிடிக்... டர்ர்ர்.

“பாத்துக்குங்க,” என்றான் யூசுப். “இவர் போன் தூங்குது, ரேடியோ கத்துது. இந்த நிமிஷம் அந்தப் பெட்டி வழியாக் கேட்டுட்டு இருக்கறது இவரு இல்லை.”

பாலுசாமியின் கை பாதியில் நின்றது. ஆனால் கோபம் ஓடுகிற தண்ணீர் மாதிரி. ஒரு மடை அடைத்தால் இன்னொரு மடையைத் தேடும். “அப்ப வேற ஆரு? டேய், இதுக்குள்ள எத்தனை நம்பரு போட்டே?”

“ரெண்டே நம்பருங்க சார். பதிஞ்ச நம்பர்ல இருந்து கூப்பிட்டாத்தான் இது எடுக்கும். ஒண்ணு சர்வீசுக்கு என்னோடது. இன்னொண்ணு...”

எழில் நிறுத்தினான். அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

“இன்னொண்ணு ஆரோடது?”

“அதை நானு சொல்லமாட்டனுங்க சார்.”

“சொல்ல மாட்டியா?”

“எங்கம்மா பழனியாத்தாள் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, சொந்தக்காரங்களே எட்டிப் பாக்காத அன்னைக்கு, ஒருத்தர் வந்து ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அவங்க பேரை என்ற வாயால சொல்லமாட்டேன். நீங்க அடிக்கறதுன்னா அடிச்சுக்குங்க.”

பாலுசாமி காளிச்சாமியின் கையில் இருந்து மட்டையைப் பிடுங்கினார். ஓங்கினார்.

ரேடியோவில் இருந்த கத்தல் சட்டென்று நின்றது. தென்னைக்கு உப்புப் போடலாமா என்று ஒரு விவசாயி கேட்பது துல்லியமாகக் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள்.

வாசலில் ராசாத்தாள் நின்றார். மூச்சு இரைத்தது. வெறும் கால். பாதமெல்லாம் நெருஞ்சி முள். கையில் போன். அதன் சிவப்புப் பொத்தானை அமுக்கிய கட்டை விரலை அவர் இன்னும் எடுக்கவில்லை.

“அவனை உடுங்க,” என்றார். “நானுதான்.”

ஊரில் உள்ள அத்தனை பேர் போனையும் கூடையில் வாங்கிப் போட்டவருக்கு, மனைவியின் போனை வாங்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அவளுக்கும் காது உண்டு என்ற நினைப்பே அவருக்கு இருந்ததில்லை.

“நீயா?” மட்டை தானாகவே கீழே தாழ்ந்தது. “நீ எதுக்குடி...”

“ஆடி மாசத்துல ஒரு நாள் மோட்டாரு காத்து இழுக்குதான்னு கேக்கறதுக்குக் கூப்பிட்டேன். நீங்க சிரிக்கறது கேட்டுது. சுந்தரராஜுலு அண்ணன்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க. என்ற தம்பி நஞ்சப்பனை எப்படி எங்கிட்ட இருந்து பிரிச்சீங்கன்னு.”

பாலுசாமி சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தார்.

“எங்கம்மா செத்த அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னீங்க? ‘அவ நகைக்குத்தான் வந்திருக்கறா, பொணத்தைத் தொட உடாதீங்க’ன்னு தம்பி சொன்னான்னீங்க. அவங்கிட்டப் போயி, இனி அவன் இருக்கற ஊட்டுப் படி ஏறமாட்டேன்னு நானு சொன்னதாச் சொன்னீங்க. ரெண்டும் பொய்யி. எதுக்கு? எனக்கு ஏன் கன்னம் வீங்கியிருக்குதுன்னு அவன் ஒரு தடவை நாலு பேர் முன்னாடி உங்களைக் கேட்டுப்போட்டான். அதுக்கு!”

ராசாத்தாளின் குரல் உயரவே இல்லை. அதுதான் கேட்கிறவர்களுக்குப் பயமாக இருந்தது.

“இத்தனை வருசம் ஒரு ஆடிக்கு, ஒரு தீபாவளிக்கு எனக்குன்னு ஒரு பொறந்த ஊடு இல்லாம செஞ்சீங்க. நாளன்னைக்கு நிச்சயத்துல தாய்மாமன் எடத்துல ஆரை நிறுத்தலாம்னு இதே ரூம்ல உக்காந்து பேசறீங்க. எனக்கு ஒருத்தனை இல்லாம செஞ்ச ஆளுக்கு ஒருத்தருமே இல்லாம செய்யோணும்னு நெனச்சேன். அண்ணன், சிநேகிதன், அக்கா... ஒவ்வொருத்தரா எடுத்தேன். நானு ஒரு வார்த்தை சேக்கலீங்க. உங்க வாயில வந்ததைப் பதிஞ்சு, புதுசா ஒரு சிம்மு வாங்கி அவங்க காதுல கொண்டுபோய்ச் சேத்தேன். அவ்வளவுதான்.”

பாலுசாமியின் கை மறுபடி எழுந்தது. இந்த முறை மட்டை மனைவியை நோக்கி எழுந்தது.

காளிச்சாமி நடுவில் வந்து நின்றார். “வேண்டாமுங்க,” என்றார் மெதுவாக. “அம்மாளைத் தொட வேண்டாமுங்க.” மட்டையை அவர் கையில் இருந்து குழந்தையிடம் இருந்து கத்தியை வாங்குகிற மாதிரி வாங்கி, கிணற்றுக்குள் போட்டார்.

வெகுநேரம் கழித்துத்தான் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. கிணற்றில் தண்ணீர் நிஜமாகவே இறங்கியிருந்தது.

“மேடம், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்றான் யூசுப்.

“மோட்டாரு காத்து இழுக்குதுன்னு சொன்னாங்களே, அப்பவே. இவ்வளவு தூரத்துல இருந்து அது எப்படிக் கேக்கும்? போன்ல கேட்டாத்தான் உண்டு.”

“அப்ப ஊட்டுலயே சொல்லியிருக்கலாமுங்களே!”

“நான் சொன்னா மாட்டிக்கிட்டவங்க ஆயிருவாங்க. தானா வந்து நின்னா அது வேற.” சண்முகப்ரியா அவன் காலில் இருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தாள். “உன் காலுக்குப் பார்த்தவங்க, எழில் கைக்குப் பாக்காம இருப்பாங்களா?”

ராசாத்தாள் எழில் பக்கம் திரும்பினார். கும்பிடப் போன கையை அவன் பதறிப்போய்த் தடுத்தான். “கண்ணு, என்ற ஆங்காரத்துக்கு நீ அடி வாங்க இருந்தே. இவரு உன் மேல சந்தேகப்படுவாருன்னு எனக்கு நெனப்பே வரலை. அது என்ற தப்பு. இவருக்கு நானு பண்ணுனதுல எனக்குத் தப்பே தெரியலை. இதுல தெரியுது.”

“உடுங்கம்மா. மைக் ஒயரை இப்பவே எடுத்துடறேன்,” என்றான் எழில். பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தான்.

பாலுசாமி உர மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். “சம்பந்தியைப் பத்திப் பேசுனது?” என்றார் கடைசியாக. “அதையும் அனுப்பிப்போட்டியா?”

“இல்லீங்க. நந்திதா மொகம் வந்து நின்னுது. வெரலு போகலை.” ராசாத்தாள் போனைப் பார்த்தார். “ஆனா அழிக்கவும் இல்லை.”

“அழிச்சுரு. என்ன வேணும் சொல்லு.”

“நஞ்சப்பனைக் கூப்பிடறேன். காரமடையிலதான் இருக்கறான். நம்பரு வாங்கி வெச்சிருக்கறேன். கூப்பிடத்தான் எனக்கு மொகம் இல்லை. அன்னைக்கு நீங்க சொன்னதெல்லாம் பொய்யின்னு நீங்களே அவங்கிட்டச் சொல்லோணும். இங்க, இத்தனை பேரு முன்னாடி. சொல்லி முடிச்சதும் அழிக்கறேன்.”

“அம்மணி...” பாலுசாமி சண்முகப்ரியாவை நிமிர்ந்து பார்த்தார். “உங்களை நாந்தானுங்க கூப்பிட்டேன். நீங்க என்ற பக்கமில்லீங்களா?”

“உங்க பேச்சு வெளிய போகாம காக்கத்தான் கூப்பிட்டீங்க. காத்தாச்சு. இது உள்ள இருக்கவே கூடாத பேச்சுங்க. இதை நான் காக்க மாட்டேன்.”

ராசாத்தாள் எண்ணை அமுக்கினார். ஸ்பீக்கரைத் திறந்து கணவரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“ஆருங்க?” கரகரத்த ஆண் குரல்.

பாலுசாமி போன் பக்கம் குனிந்தார். “நா... நானு பாலுசாமி. அன்னூரு.”

அடுத்து வசவுதான் வரும் என்று சண்முகப்ரியா நினைத்தாள். வந்தால் நியாயம் என்றும் நினைத்தாள்.

“மச்சான்...” அந்தக் குரல் நடுங்கியது. “அக்காளுக்கு என்னாச்சுங்க? அக்கா நல்லா இருக்குதுங்களா? சொல்லுங்க மச்சான், இப்பவே கெளம்பி வாரேன்.”

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ராசாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தியும் அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

“அக்கா? ஆரு அழறது? அக்கா!”

“ஒண்ணுமில்லைடா கண்ணு. நல்லா இருக்கறேன். நானு நல்லா இருக்கறேன் நஞ்சப்பா.” மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இரு. வெச்சுப்போடாதே. உங்க மச்சான் உங்கிட்ட ஒண்ணு சொல்லோணுமாம்.”

சொல்லிவிட்டு, போனை மறுபடியும் பாலுசாமியின் வாய்க்கு நேராக நீட்டினார்.